பந்தும் பாடமும்

 

இன்றைய பேச்சு ஒரு கால்பந்துக் கோச்சைப் பற்றியது. கோச் என்றால் விளையாட்டில் பயிற்சி கொடுப்பவர். இந்தக் கோச் ஒரு பெண். அவர் பெயர் லூமா முஃப்லே. நாட்டையும் வீட்டையும் இழந்து வந்த பிள்ளைகளைக் கூட்டி ஒரு கால்பந்து அணி அமைத்தவர். அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தோடு பாடத்தையும் கொடுத்தவர்.

அவருடைய கதை அமெரிக்காவில் நடந்தது. ஆனாலும் திருவனந்தபுரத்துக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கரையும் பந்தும்

இந்தக் கரையில் கால்பந்து எல்லோருக்கும் பழக்கமானது. பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை, வெட்டுகாடு என எந்தக் கரைக்குப் போனாலும் மாலையில் மணலில் பந்து உருளும். எல்லையைத் தாண்டிக் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் போனாலும் அப்படித்தான். ஷூ இருக்காது. கோல் கம்பம் இருக்காது. இரண்டு கல்லோ, இரண்டு செருப்போ போதும். அதுதான் கோல்.

அந்த மணலில் இருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பொழியூர் சீசன் கேரள அணிக்காகச் சந்தோஷ் டிராபி ஆடினார். 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று கோப்பையைக் கொண்டு வந்த அணியில் அவர் இருந்தார். வெட்டுகாடு ஜோபி ஜஸ்டின் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் ஆடிப் பேர் வாங்கினார்.

ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கும் இன்றைய பேச்சுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் கிளப் 1920-இல் தொடங்கியது. 1947-இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. கிழக்கு வங்காளத்தில் இருந்து லட்சக்கணக்கான மக்கள் வீடு, நிலம், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். புது ஊரில் அவர்களுக்குச் சொந்தம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய ஊர்ப் பெயரில் ஒரு கால்பந்துக் கிளப் இருந்தது. அதைத் தங்கள் கிளப் என்று அணைத்துக் கொண்டார்கள். அது ஜெயித்த நாள் அவர்களுக்குத் திருநாள்.

இடம் பெயர்ந்து வந்தவனுக்கு ஒரு பந்தாட்ட அணி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதற்கு இது சாட்சி.

அகதி என்றால் யார்?

கதி இல்லாதவர் அகதி. சொல்லிலேயே பொருள் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் அதற்குத் தனி விளக்கம் உண்டு. 1951-இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் உயிருக்கு அஞ்சித் தன் நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு ஓடி வந்தவரே அகதி என்று அது சொல்கிறது.

தமிழர்களுக்கு இந்த வேதனை தெரியும். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் படகேறி இராமேசுவரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்தார்கள். பிறகு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் குடியேறினார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அகதிகள் முகாம் என்ற பெயர் மனத்தைப் புண்படுத்துகிறது என்பதால், 2021-இல் தமிழ்நாடு அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

உலகம் முழுவதும் எத்தனை பேர் இப்படி வீட்டை இழந்திருக்கிறார்கள்? 2024-ஆம் ஆண்டு முடிவில் ஐக்கிய நாடுகள் சபை எடுத்த கணக்குப்படி 12 கோடிக்கும் மேல். சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தவர்களும் இதில் சேர்த்தி. கேரளத்து மக்கள் தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று வைத்துக் கொள்ளுங்கள். இவர்களில் பலர் குழந்தைகள்.

ஹோட்டல் வாசலில் ஆடிய சிறுவன்

உலகக் கோப்பை வந்தால் கேரளத்தில் தெருவுக்குத் தெரு கொடி பறக்கும். 2018-இல் குரோஷியா என்ற சின்ன நாடு இறுதி ஆட்டம் வரை வந்தது. அதன் கேப்டன் லூகா மோட்ரிச். அந்த ஆண்டு உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

மோட்ரிச் ஓர் அகதிப் பிள்ளையாக வளர்ந்தவர். 1991-இல் அங்கே போர் மூண்டது. அப்போது அவருக்கு 6 வயது. ஆடு மேய்க்கும் அவருடைய தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டை எரித்தார்கள். குடும்பம் சாதர் என்ற நகரத்துக்கு ஓடியது. அங்கே ஒரு ஹோட்டலில் மற்ற அகதிகளோடு பல ஆண்டுகள் தங்கியது. ஹோட்டலின் கார் நிறுத்தும் இடத்தில் சிறுவன் பந்து உதைத்தான்.

அவன் மெலிந்தவன், குள்ளமானவன். பெரிய கிளப் ஒன்று அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் டோமிஸ்லாவ் பாசிச் என்ற உள்ளூர்க் கோச் அவனைக் கைவிடவில்லை. கணுக்காலுக்கு மேலே அடிபடாமல் இருக்க மரத்தால் காப்பு செய்து கொடுத்தார். விளையாட்டில் அவர்தான் தனக்குத் தந்தை என்று மோட்ரிச் பின்னாளில் சொல்லி இருக்கிறார்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கோச் கிடைத்தார். அவன் உலகப் புகழ் பெற்றான். கோச்சே கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! லூமா முஃப்லேயின் கதை அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் யாரும் உலகக் கோப்பை ஆட வேண்டும் என்று லூமா நினைக்கவில்லை. அவர்கள் நல்லபடியாக ஆளாக வேண்டும் என்றே நினைத்தார்.

லூமா யார்?

லூமா 1975-இல் ஜோர்தான் நாட்டின் தலைநகர் அம்மானில் பிறந்தார். வசதியான குடும்பம். அவருடைய பாட்டி சிரியா நாட்டை விட்டு ஜோர்தானுக்கு வந்து குடியேறியவர். லூமா சிறுமியாக இருந்தபோது பாட்டி அவரை ஓர் அகதி முகாமுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த பிள்ளைகளைப் பார்த்து லூமாவுக்குப் பரிதாபமாக இருந்தது. பாட்டி அதைத் திருத்தினார். அவர்களுக்காகப் பரிதாபப்படாதே, அவர்களை நம்பு என்று சொல்லிக் கொடுத்தார். இந்தப் பாடத்தை லூமா மறக்கவே இல்லை.

பள்ளியில் அவருக்கு ஒரு கோச் இருந்தார். மிகவும் கண்டிப்பானவர். மாணவிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தக் கண்டிப்பால்தான் தங்கள் ஆட்டம் முன்னேறியது என்று பிறகு லூமாவுக்குப் புரிந்தது. கோச் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றார்.

படிப்பதற்காக லூமா அமெரிக்கா போனார். 1997-இல் பட்டம் பெற்றார். திரும்பி ஊருக்குப் போகவில்லை. காரணம் உண்டு. லூமா பெண்ணையே துணையாக விரும்பும் பெண். அது தெரிந்தால் சொந்த ஊரில் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சினார். அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். குடும்பம் அவரைக் கைவிட்டது. வீட்டில் இருந்து பணம் வருவது நின்றது.

பணக்கார வீட்டுப் பெண் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். கழிப்பறை துடைத்தார். பிறகு அட்லாண்டா நகரத்துப் பக்கம் வந்தார். அங்கே பெண் பிள்ளைகளின் கால்பந்து அணி ஒன்றுக்குக் கோச் ஆனார். பிழைப்புக்காக ஒரு சிற்றுண்டிக் கடையும் வைத்தார். அது நஷ்டத்தில் மூடிப் போனது.

ஊரை இழப்பது என்றால் என்ன, சொந்தபந்தம் இல்லாமல் தனியாக நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

வழி தவறிய கார்

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் கிளார்க்ஸ்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1990-களில் இருந்து அங்கே பல நாட்டு அகதிகளைக் குடியமர்த்தினார்கள். வாடகை குறைவு. நகரத்துக்கு வேலைக்குப் போக பஸ், ரயில் வசதி உண்டு. அதனால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். லைபீரியா, சூடான், சோமாலியா, காங்கோ, புருண்டி, ஈராக், ஆப்கானிஸ்தான், போஸ்னியா எனப் பல நாட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தன.

அவர்கள் வாழ்க்கை சுலபமாக இல்லை. அரசு உதவி சில மாதங்கள்தான். அமெரிக்கா வந்த விமான டிக்கெட் பணத்தைக்கூடத் தவணை முறையில் திருப்பிக் கட்ட வேண்டும். தாய்மார்கள் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யப் போனார்கள். கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போனார்கள். பலருக்கு இரவு வேலை. பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்கு வந்து, தம்பி தங்கைகளைக் கவனித்துக் கொண்டு தனியாக இருந்தார்கள். வெளியே போனால் தெருச் சண்டைக் கும்பல்கள் வலை வீசிக் காத்திருந்தன.

2004-இல் ஒரு நாள் லூமா கிளார்க்ஸ்டனுக்குக் கார் ஓட்டி வந்தார். தன் ஊர்ச் சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடையைத் தேடி வந்தார். வழி தவறி ஒரு குடியிருப்புக்குள் கார் நுழைந்துவிட்டது. அங்கே பையன்கள் பந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். வெறுங்கால். கிழிந்த பந்து. கல் வைத்த கோல்.

அம்மானில் தான் ஆடிய தெரு அவருக்கு நினைவு வந்தது. வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு நல்ல பந்தோடு அங்கே திரும்பி வந்து, பையன்களோடு சேர்ந்து ஆடினார்.

சில வாரங்களில் ஊரில் நோட்டீசு ஒட்டினார். கால்பந்து அணிக்கு ஆள் தேர்வு, கட்டணம் கிடையாது என்று பல மொழிகளில் அதில் எழுதி இருந்தது. பிள்ளைகள் வந்தார்கள். அணிக்கு ஃபியூஜீஸ் என்று பெயர் வந்தது. அகதியை ஆங்கிலத்தில் ரெஃபியூஜி என்பார்கள். அதன் பின் பாதியே இந்தப் பெயர். வெட்கப்பட வைத்த சொல்லையே பிள்ளைகள் சட்டையில் பெருமையாகப் போட்டுக் கொண்டார்கள்.

கோச்சின் சட்டங்கள்

ஏழைப் பிள்ளைகள், பாவம், எப்படியோ ஆடிவிட்டுப் போகட்டும் என்று லூமா விட்டுவிடவில்லை. ஒரு தாளில் சட்டங்களை எழுதினார். அணியில் சேர வேண்டுமானால் கையெழுத்துப் போட வேண்டும்.

நேரத்துக்கு வர வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. சிகரெட், மது, போதை கூடாது. கோச்சின் முடியைவிடப் பையன்களின் முடி குட்டையாக இருக்க வேண்டும். உதவி வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். இவை சில சட்டங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. முதலில் டியூஷன், பிறகுதான் பந்து. டியூஷனுக்கு வராதவன் ஆட்டத்துக்கு வர முடியாது. எவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரனாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே நாட்டுப் பையன்கள் மட்டும் சேர்ந்து கொண்டு தங்கள் மொழியில் பேசுவது கூடாது. எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம். ஏன்? ஒருவன் நாட்டில் இன்னொருவன் இனத்தாரோடு போர் நடந்திருக்கும். அந்தப் பகை மைதானத்துக்குள் வரக் கூடாது என்பது கோச்சின் எண்ணம். அணியில் கிறிஸ்தவப் பையன்களும் இருந்தார்கள், முஸ்லிம் பையன்களும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கிறிஸ்தவப் பையன் ஒருவன் ஜெபம் சொல்வான். முஸ்லிம் பையன் ஒருவன் துவா சொல்வான். எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள்.

எதிர் அணிகள் பணக்காரப் பகுதிகளில் இருந்து வரும். புதுச் சட்டை, புது ஷூ, கைதட்டப் பெற்றோர் கூட்டம். ஃபியூஜீஸ் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். தாய் தந்தை வேலைக்குப் போயிருப்பார்கள். சில நேரம் எதிர்ப்பக்கம் இருந்து பேச்சைக் கிண்டல் செய்வார்கள், பெயரைக் கிண்டல் செய்வார்கள். சண்டைக்குப் போகாதே, ஆட்டத்தில் காட்டு என்பதே கோச்சின் கட்டளை.

ஆட்டம் முடிந்தால் கோச் தன் சின்ன மஞ்சள் காரில் பிள்ளைகளை வீட்டில் கொண்டு விடுவார். வீட்டுக்குப் போனால் தாய் ஒரு கடிதத்தை நீட்டுவார். கரண்டு பில்லா, பள்ளிக்கூட நோட்டீசா, ஆஸ்பத்திரிச் சீட்டா என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. கோச் உட்கார்ந்து படித்துச் சொல்வார். பிறகு அகதித் தாய்மார்களுக்குப் பகல் நேர வேலை கிடைக்கட்டும் என்று, வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தையும் தொடங்கினார். பகலில் வேலை என்றால் மாலையில் தாய் பிள்ளையோடு இருக்கலாம் அல்லவா?

அணியைக் கலைத்த நாள்

கண்டிப்புக்கு ஒரு விலையும் உண்டு. 2006-இல் பெரிய பையன்களின் அணியில் அது தெரிந்தது. 15 வயதுக்கு உட்பட்ட அணி அது. நன்றாக ஆடும் பையன்களே முடி வெட்ட மறுத்தார்கள். சட்டத்தை மதிக்கவில்லை. பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை. சில ஆட்டக்காரர்கள் போனார்கள். மற்றவர்களும் தளர்ந்தார்கள். கடைசியில் பந்தயக் காலத்தின் நடுவிலேயே லூமா அந்த அணியைக் கலைத்துவிட்டார்.

இது கடினமான முடிவு. அந்தப் பையன்களுக்கு அணியை விட்டால் தெருதான். தெருவில் என்ன காத்திருக்கிறது என்று கோச்சுக்கும் தெரியும். ஆனால் ஒருவனுக்காகச் சட்டத்தை வளைத்தால், ஒழுங்காக வரும் சிறுவர்கள் அதைப் பார்ப்பார்கள். நாளைக்கு யாருக்கும் சட்டம் இருக்காது.

பிறகு சில பையன்கள் திரும்பி வந்து கெஞ்சினார்கள். மறுபடி ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்றார்கள். லூமா புதிதாக ஆள் தேர்வு வைத்தார். ஓடச் சொன்னார், உழைக்கச் சொன்னார். புதிய அணி உருவானது. முதலில் படுதோல்வி அடைந்தது. பிறகு மெல்ல மெல்லத் தேறியது.

எல்லாப் பையன்களும் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் விலகியே போனார்கள். ஒரு கோச்சால் எல்லோரையும் காப்பாற்ற முடியாது. வந்தவர்களை விடாமல் பிடித்துக் கொள்ள முடியும்.

மைதானம் யாருக்கு?

கிளார்க்ஸ்டனில் நல்ல புல்தரை உள்ள பூங்கா ஒன்று இருந்தது. ஆனால் 2006-இல் அந்த ஊர் மேயர் அங்கே கால்பந்து கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் பேஸ்பால் என்ற ஆட்டம்தான் பழைய வழக்கம். புதிதாக வந்தவர்களைப் பார்த்துப் பழைய ஊர்க்காரர்கள் சிலருக்குப் பயம். ஊர் மாறிப் போகிறதே என்ற கவலை. அந்தக் கவலையே பந்தின் மேல் கோபமாக மாறியது.

ஃபியூஜீஸ் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த தரையில் பயிற்சி செய்தார்கள். புல் இல்லை. சரளைக் கல்லும் உடைந்த கண்ணாடித் துண்டும் கிடந்தன. கோல் கம்பம்கூட இல்லை.

லூமா நகர மன்றத்துக்குப் போய் முறையிட்டார். சில மாதங்களுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு மறுபடியும் தகராறு வந்தது. 2007 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வாரன் செயின்ட் ஜான் என்ற நிருபர் இதை விரிவாக எழுதினார். நாடு முழுவதும் மக்கள் படித்தார்கள். கடிதங்கள் வந்தன. பண உதவியும் வந்தது. 2009-இல் அவர் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகள் கேட்டது என்ன? ஒரு துண்டு புல்தரை. அதுகூடச் சண்டை போடாமல் கிடைக்கவில்லை.

வாசிக்கத் தெரியாத வீரர்கள்

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

டியூஷன் நடத்தும்போது லூமாவுக்கு ஓர் உண்மை தெரிந்தது. அணியில் சில பையன்களுக்கு வாசிக்கவே தெரியாது. அவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள் இல்லை. தினமும் போகிறார்கள். பெரிய வகுப்பில் உட்காருகிறார்கள். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது.

இது எப்படி நடந்தது? அமெரிக்கப் பள்ளிகளில் வயதைப் பார்த்து வகுப்பில் போடுவார்கள். 13 வயது என்றால் 7 அல்லது 8-ஆம் வகுப்பு. ஆனால் அந்தப் பிள்ளை போரில் ஓடிய பிள்ளை. முகாமில் வளர்ந்த பிள்ளை. 1-ஆம் வகுப்பே படித்திருக்க மாட்டான். அவனை 8-ஆம் வகுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வாய் திறக்காமல் உட்காருவான். வாத்தியார் கேள்வி கேட்டால் தலை குனிவான். தெரியாததை மறைக்கவே முழு நேரமும் பாடுபடுவான். வருடம் முடிந்தால் அடுத்த வகுப்புக்குத் தள்ளி விடுவார்கள். பிறகு ஒரு நாள் பள்ளியை விட்டே நின்றுவிடுவான்.

அந்த வெட்கம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பஸ் போர்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டவர்களுக்குத் தெரியும். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சாக்குச் சொன்னவர்களுக்குத் தெரியும். வங்கியில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் துடைத்தவர்களுக்குத் தெரியும்.

பந்து மட்டும் போதாது என்று லூமா முடிவு செய்தார். 2007-இல் ஒரு பள்ளிக்கூடமே தொடங்கினார். அகதிப் பிள்ளைகளுக்கு என்றே தனியான பள்ளி. அங்கே வயதைப் பார்த்துத் தள்ளவில்லை. எங்கே விட்டுப் போனதோ அங்கே இருந்து தொடங்கினார்கள். அ, ஆ என்ற நிலை என்றால் அங்கிருந்து. கூட்டல் கழித்தல் என்றால் அங்கிருந்து. சிறிய வகுப்பு, அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க முடிந்தது. அந்தப் பள்ளியில் ஆணும் பெண்ணும் எல்லோரும் கால்பந்து ஆட வேண்டும். அது பாடத்தில் ஒரு பகுதி. 2018-இல் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் இரண்டாவது பள்ளியும் திறந்தார்கள்.

2017-இல் லூமா ஒரு பெரிய மேடையில் பேசினார். அகதிகளுக்காகப் பரிதாபப்படாதீர்கள், அவர்களை நம்புங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பாட்டி முகாமில் சொல்லிக் கொடுத்த அதே பாடம்.

இரக்கமும் நம்பிக்கையும்

இரக்கம் நல்லதுதானே, அதில் என்ன தவறு என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பசித்தவனுக்குச் சோறு போட இரக்கம் வேண்டும். வெள்ளம் வந்தால் போர்வை கொடுக்க இரக்கம் வேண்டும். ஆனால் இரக்கம் பெரும்பாலும் ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். வாங்கினவர் அதே இடத்தில் இருப்பார்.

நம்பிக்கை வைத்தவர் மறுநாளும் வருவார். நேற்றுக் கொடுத்த பாடத்தை எழுதினாயா என்று கேட்பார். ஏன் பத்து நிமிஷம் தாமதம் என்று அதட்டுவார். உன்னால் முடியும் என்று நினைக்கிறவர்தான் உன்னிடம் வேலை வாங்குவார். லூமாவின் கண்டிப்புக்கு இதுவே காரணம்.

அறிவொளி வகுப்பிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1991 ஏப்ரல் 18-ஆம் நாள் கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்தார்கள். அதை அறிவித்தவர் மந்திரி இல்லை. மலப்புரம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா. பேரப் பிள்ளை பெறும் வயதில் எழுத்துப் படித்த சாதாரணப் பெண். வயதாகிவிட்டதே, பாவம் என்று விட்டிருந்தால் ஆயிஷா அந்த மேடை ஏறி இருக்க முடியுமா? யாரோ ஒரு தொண்டர் மாலைதோறும் வகுப்பு நடத்தினார். ஆயிஷாவால் முடியும் என்று நம்பினார்.

கடல் கொண்ட வீடுகள்

இனித் திருவனந்தபுரத்துக் கரைக்குத் திரும்புவோம். இங்கே போர் இல்லை. ஆனாலும் வீடு இழந்தவர்கள் உண்டு.

ஆண்டுதோறும் மழைக் காலத்தில் கடல் ஏறி வருகிறது. வலியதுறையில், பொழியூரில் வரிசை வரிசையாக வீடுகள் கடலுக்குள் போயின. வலியதுறையில் வீடு இழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும், சிமெண்டு மூட்டை வைக்கும் கிடங்கிலும் வருடக் கணக்கில் தங்க நேர்ந்தது. துணியால் மறைத்த ஒரு மூலைதான் ஒரு குடும்பத்துக்கு வீடு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போன எத்தனையோ தந்தையர் திரும்பவில்லை. தூத்தூர் முதல் பூந்துறை வரை அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

சட்டப்படி இவர்கள் அகதிகள் இல்லை. நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை அல்லவா? ஆனால் கிடங்கில் படுத்துத் தூங்கும் பிள்ளைக்கு இந்தச் சட்ட விளக்கத்தால் என்ன பயன்? விளக்கு இல்லாத மூலையில் அவன் எப்படிப் படிப்பான்? பந்து உதைத்த மணலே கடலுக்குள் போன பிறகு எங்கே ஆடுவான்?

வீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் அரசிடம் கேட்க வேண்டும். அது உரிமை. கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வீடு கிடைக்கும் வரை பிள்ளையின் வயது நிற்காது. 10 வயது 11 ஆகும், 12 ஆகும். அந்த இடைக் காலத்தில் என்ன செய்வது? லூமாவின் கதை இதற்கு ஒரு வழி காட்டுகிறது.

கரையில் பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் இருக்கிறார்கள். செவன்ஸ் பந்தயம் ஆடியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மாலையில் பயிற்சி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பந்தைக் கையில் எடுக்கும் முன் அரை மணி நேரம் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சொல்லலாம். வாசிகசாலைத் திண்ணை ஒன்று போதும். படித்த அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். பந்துக்காக வரும் பிள்ளை பாடத்துக்கும் வருவான். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். வெட்கப்படுவார்கள் என்று ஒதுக்கக் கூடாது. லூமாவும் ஒரு காலத்தில் தெருவில் பந்து உதைத்த சிறுமிதான்.

புதிதாக எழுத்துப் படித்த தாய்மார்களுக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தால் நீங்களும் சேர்ந்து கூட்டுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறினால் அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். அவனுக்கு எங்கே விட்டுப் போனது என்று கண்டுபிடியுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரிடம் கேளுங்கள். உதவி கேட்பது வெட்கம் இல்லை. லூமாவின் அணியில் அது ஒரு சட்டம்.

ஒரு பந்தின் விலை சில நூறு ரூபாய். ஒரு வாசிப்புப் புத்தகத்தின் விலை அதைவிடக் குறைவு. இரண்டையும் யாரும் கொடுத்துவிடலாம். தினமும் வருகிற ஒரு மனிதரைத்தான் கடையில் வாங்க முடியாது. நம் கரையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்போம்.

பேசிப் பார்ப்போம்

1. லூமா ஏன் டியூஷனுக்குப் பிறகுதான் பந்து என்று சட்டம் வைத்தார்?

2. பெரிய பையன்களின் அணியைக் கலைத்தது சரியா? உங்கள் கருத்து என்ன?

3. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால் பெற்றோர் என்ன செய்யலாம்?

4. உங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாடப் பொது இடம் இருக்கிறதா? அதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?